நாப்பதுன்னு சொல்லியிருந்தா

சன்னலோரம் நீயே உக்காரும்மா. காத்து மூஞ்சியில அடிச்சா எனக்கு இப்பல்லாம் ஆகாது. இந்தப் பையை மட்டும் என் காலுக்குக் கீழ வச்சுக்கிறேன், உன் சேலையில ஆயில் பட்டுறக் கூடாது. உள்ள வேற ஒண்ணும் இல்ல, பம்ப்புதான். தண்ணி பம்ப்பு இல்ல. கார் இன்ஜினுக்குள்ள ஆயிலைச் சுத்த விடுற பம்ப்பு. அதுக்குள்ள இருக்குற பல்சக்கரத்துல ஒரு பல் உடைஞ்சு போச்சு. திருநெல்வேலியில ஒரு லேத்துப் பட்டறையில புதுசா வெட்டிக் குடுத்திருக்காங்க. நாலு தடவை அலைஞ்சு இன்னைக்குத்தான் கிடைச்சது.

ஆமா, நான்தான் அலைஞ்சேன். வீட்டுக்காரவுகளுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. நிக்கலாம், நடக்கலாம், பஸ்ஸுல ஒரு மணி நேரம் உக்கார முடியாது. அதான் நான். இன்ஜினைப் பிரிச்சு வச்சதும் என்னாலதான்னு வை. என்னாலன்னா, நான் பிரிக்கல. நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

தூத்துக்குடி வரைக்கும் போறியா? நல்லதாப் போச்சு. புதுத்தாலி மாதிரி இருக்கே, கல்யாணமாகி எத்தனை மாசம்? அவரு எங்க, துபாயா? சரி சரி. வருவாரு.

என் பேரு ஜெசிந்தா. அவுக பேரு ரெமிஜியுஸ். கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருந்தாக. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து நாலு வருசம். அதுல முப்பத்தோரு வருசம் அவுக கப்பல்ல. வருசத்துக்கு ரெண்டு மாசம் வருவாக, வந்தா வீடு திருவிழா மாதிரி இருக்கும். மாமியார் இருந்த வரைக்கும் மாமியாரைப் பாத்தேன். பையன் இருந்த வரைக்கும் பையனைப் பாத்தேன். அவன் பெங்களூரு போயிட்டான். கடைசி ஆறு வருசம் நான் மட்டும்தான்.

பாவம்னு பாக்குறியா? எல்லாரும் அப்படித்தான் பாத்தாங்க. நானும் மூஞ்சியை அதுக்குத் தக்கன வச்சுக்கிடுவேன். இப்ப உன்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஞாயித்துக்கிழமை முதல் பூசைக்குப் போயிட்டு வந்து கேட்டைப் பூட்டிருவேன். போனை அரிசி டப்பாவுக்குள்ள வச்சிருவேன். ஹால்ல வெறுந்தரையில படுத்துக்கிடுவேன். தூங்கறதில்ல. டிவி பாக்கறதில்ல. ஜெபமும் பண்றதில்ல, பூசைக்குத்தான் போயிட்டு வந்தாச்சே. சும்மா மின்விசிறியைப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். பன்னெண்டு மணி வரைக்கும் யாருக்கும் நான் ஒண்ணும் இல்ல. அதுல என்ன இருக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

மூணு வருசம் முந்தி அவுக ஒரேயடியா வந்துட்டாக. வரட்டும், அவுக வீடு. போன ஈஸ்டர் முடிஞ்ச வாரம் அந்தக் காரை வாங்கிட்டு வந்தாக. உப்பளக்காரர் ஒருத்தர் வச்சிருந்தது. வெளிநாட்டு வண்டி, ரேஸ் கார் மாதிரி தாழ்வா இருக்கும். எனக்கு வயசு அம்பத்தேழு, அந்த வண்டிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரெண்டே சீட்டு, மேல துணி மூடி. உக்காந்தா ரோட்டுமேல உக்காந்த மாதிரி இருக்கும். லாரி பக்கத்துல வந்தா அதோட டயரு நம்ம காதுக்கு நேரா ஓடும்.

ஞாயித்துக்கிழமை ஆனா பூசை முடிஞ்ச கையோட அவுகளும் நானும் அந்தக் காருல திருச்செந்தூர் ரோட்டுல போவோம். போயிட்டு, ஒரு டீ குடிச்சுட்டு, திரும்பி வருவோம். எதுக்குன்னு நான் கேக்கல. அவுகளும் சொல்லல. என் பக்கத்துக் கதவு உள்ள இருந்து திறக்காது. வெளிய நின்னு பிடியை இழுத்து, முழங்காலால ஒரு இடி இடிச்சாத்தான் திறக்கும். அவுக சுத்தி வந்து திறந்து விடுவாக. தெருவுல உள்ளவங்க, "ரெமி அண்ணன் பொண்டாட்டியை எப்படித் தாங்குறாரு பாரு"ம்பாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே எறங்குவேன்.

இதுல என் வேலை என்ன தெரியுமா? முள்ளைப் பாக்குறது. ஆயில் பிரஷர் மீட்டர்னு ஒண்ணு, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, கீழ தள்ளி, அஞ்சு ரூபாய் காசைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கும். அவுகளுக்குத் தூரம் நல்லாத் தெரியும், கிட்டத்துல தெரியாது. படிக்கிற கண்ணாடியைப் போட்டா ரோடு தெரியாது. அதனால நான் பாத்துச் சொல்லணும். "ஓடும்போது நாப்பதுக்கு மேல இருக்கணும் ஜெசி. இருபதுக்கு வந்துச்சுன்னா அந்த நிமிசமே சொல்லிரு. தாமசிச்சா இன்ஜின் செத்துரும்." ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை, "ஜெசி, எவ்வளவு?" நான், "அம்பது." மறுபடியும், "எவ்வளவு?" "அம்பது." முல்லைக்காடு, அம்பது. பழையகாயல், அம்பது. கடலைப் பாத்தேனா, உப்பு அள்ளுறவங்களைப் பாத்தேனா? ஒண்ணையும் பாக்கல. முள்ளைத்தான் பாத்தேன்.

மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. வெயிலு மண்டையைப் பொளக்குது. பழையகாயல் பாலம் தாண்டினோம். "ஜெசி, எவ்வளவு?"ன்னாக. என் வாயில என்னமோ வந்துச்சு. "இருபது"ன்னுட்டேன்.

சத்தியமா, சொல்லணும்னு நினைச்சுச் சொல்லல. நான் பொய் சொல்ற ஆளே கிடையாது. எங்க தெருவுல யாரை வேணாலும் கேளு.

பத்து எண்ணுறதுக்குள்ள வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிப்பாட்டிட்டாக. மூஞ்சி வெளுத்துப் போச்சு. போனட்டைத் திறந்து ஆயில் குச்சியை இழுத்துப் பாத்தாக, நிறைய இருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இன்ஜினை முடுக்கிப் பாத்தாக, அம்பது காட்டுது. "இப்பச் சரியா இருக்கே." நான் சொன்னேன், "ஓடும்போதுதான் எறங்கிச்சு." மெதுவா உருட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டோம். பத்து மணிக்கெல்லாம் வீடு. அவுக ஷெட்டுல, நான் ஹால்ல தரையில. அன்னைக்கு நான் தூங்கினேன் பாரு, அப்படி ஒரு தூக்கம்.

அதோட முடிஞ்சிரும்னு நினைச்சேன். கப்பல்காரவுகளைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? முப்பத்தோரு வருசம் பொண்டாட்டியா இருந்தேனே தவிர கூட இருந்தேனா?

மறுநாள் காலையில காபி கொண்டு போனா, என்னை உக்கார வச்சுப் பாடம் எடுக்காக. "இங்க பாரு ஜெசி. இன்ஜின்ல ஒரு சென்சார் இருக்கு. அது பிரஷரைப் பாத்துச் சொல்லுது. ஒயரு கொண்டு வருது. மீட்டரு காட்டுது. இந்த மூணுல ஒண்ணு பொய் சொல்லுது. இல்லன்னா மூணும் நல்லது, பிரஷரு நெசமாவே எறங்குது. பொய் சொல்றது எதுன்னு கண்டுபிடிக்கணும்." நான் தலையை ஆட்டினேன். காபி ஆறிப் போச்சு.

முதல்ல ஒயரு. சென்சாருல இருந்து ஒயரைக் கழட்டி இன்ஜின் இரும்புல தொட்டாக. "ஜெசி, முள்ளு?" கடைசி வரைக்கும் ஓடிருச்சு. எடுத்தாக. "இப்ப?" சைபரு. "அப்ப மீட்டரு நல்லது, ஒயரும் நல்லது." எர்த்து கம்பியைச் சுரண்டிப் புதுசாக் கட்டினாக. அப்புறம் சென்சாரு மேல சந்தேகம். அது இங்க கிடைக்காது. கப்பல்ல இருக்குற சிநேகிதர் ஒருத்தர் கிட்டச் சொல்லி வந்து சேர அஞ்சு வாரம் ஆச்சு. அந்த அஞ்சு வாரமும் எனக்கு ஓய்வுன்னு நினைச்சியா? "ஜெசி, சாவியைப் போடு. ஜெசி, விளக்கைப் பிடி. ஜெசி, முள்ளைப் பாரு." ஞாயித்துக்கிழமை மட்டும் போய்க்கிட்டு இருந்தது வாரம் பூராவும் போச்சு. காருல போனாலாவது காத்து வரும். ஷெட்டுல அதுவும் இல்ல.

கோயில்ல சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். சாமி, "உன் வீட்டுக்காரர்கிட்டயே சொல்லிரும்மா"ன்னாரு. அவருக்கென்ன, அவரா அந்தக் காருல உக்காரப் போறாரு?

ஜூலையில புது சென்சாரு வந்து மாட்டியாச்சு. அன்னைக்கு முள்ளு காட்டுறதை அப்படியே சொல்லணும்னுதான் ஏறினேன். நெசமாத்தான் சொல்றேன். மாதாவை வேண்டிக்கிட்டு ஏறினேன். துறைமுகத்து ரோட்டுல போறோம். அவுக ஒரே குஷி. "இது மட்டும் சரியாயிட்டா மாதா திருவிழா முடிஞ்சதும் கெளம்புறோம். கன்னியாகுமரி, அங்கேயிருந்து கொச்சி. பத்து நாள். நீயும் நானும்தான். பத்து நாள், ஜெசி! சரி, எவ்வளவு காட்டுது?"

முள்ளு அம்பதுல நிக்கிது. நான் என்ன சொல்லியிருப்பேன்னு நீயே சொல்லு. நாப்பதுன்னாச்சும் சொல்லியிருக்கலாம். அன்னைக்கு நாப்பதுன்னு சொல்லியிருந்தா இந்தப் பையை நான் சுமந்துக்கிட்டு வந்திருக்க மாட்டேன். பத்து நாள்னதும் எனக்கு அந்தக் கதவுதான் கண்ணு முன்னால வந்துச்சு. "இருபத்தஞ்சு"ன்னேன். "எறங்குது... இருபது."

அவுக வண்டியைத் திருப்பினாக.

அப்பத்தான் சண்முகக்கனி வந்தாரு. மீன்பிடித் துறைமுகத்துல படகு இன்ஜின் பட்டறை வச்சிருக்காரு, அவுகளுக்கு முப்பது வருசச் சிநேகிதர். கையில ஒரு பெரிய மீட்டரு, சாப்பாட்டுத் தட்டு அகலம். சென்சாரு இருக்குற இடத்துல ஒரு டி-ஜாயிண்டைப் போட்டு, சென்சாரு ஒரு பக்கம், இந்தப் பெரிய மீட்டருக்குக் குழாய் ஒரு பக்கம். மீட்டரைக் காரோட முன் கண்ணாடிச் சட்டத்துல கயிறு போட்டுக் கட்டினாரு. எண்ணு ஒவ்வொண்ணும் கட்டைவிரல் தண்டி. அவுகளுக்கே தெரியும்.

அவுகளும் நானும் போறோம், சண்முகக்கனி ஸ்கூட்டருல பின்னாலயே வாறாரு. அவுக சொன்னாக, "பெருசு அம்பது. உன்னுது எவ்வளவு?"

ஒரு நிமிசம் யோசிச்சேன். அம்பதுன்னா கொச்சி. இருபதுன்னா? சின்ன மீட்டருதான் கோளாறுன்னு ஆயிரும். அதைத் தூக்கிப் போட்டுட்டுப் பெருசையே வச்சுக்கிடுவாக. பெருசு அவுகளுக்கே தெரியும். அப்புறம் நான் எதுக்கு அங்க? யோசிச்சுத்தான் சொன்னேன். "இருபது."

வண்டி நின்னுச்சு. சண்முகக்கனி ஓடி வந்தாரு. நான் நினைச்ச மாதிரியே சொன்னாரு. "அண்ணாச்சி, சோலி முடிஞ்சுது. சின்ன மீட்டரைக் கழட்டி வீசுங்க. இதையே வச்சு ஓட்டுங்க." எனக்குப் போன உயிரு திரும்பி வந்துச்சு.

அவுக தலையை ஆட்டிட்டாக. "ஒரு குழாயில ரெண்டு மீட்டரு ரெண்டு கணக்குச் சொன்னா, எது பொய்யின்னு தெரியற வரைக்கும் மோசமானதைத்தான் நம்பணும்." அப்புறம் ஒரு கதை சொன்னாக. கப்பல்ல ஒரு தடவை மீட்டரு எல்லாம் நல்லா இருக்குன்னு காட்டிச்சாம். கீழ வேலை பாத்த ஒரு ஆளு மட்டும், சத்தம் சரியில்ல, பிரஷரு இல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தானாம். மீட்டரை நம்பினாகளாம். பேரிங் உருகி, நடுக்கடல்ல ஒன்பது நாள் கெடந்தாகளாம். "அன்னையில இருந்து நான் மனுசன் சொல்றதைத்தான் நம்புவேன் கனி. அதுலயும் இவ. முப்பத்து நாலு வருசத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல."

அது வாஸ்தவம். பழையகாயல் பாலம் வரைக்கும் சொன்னதில்ல.

சண்முகக்கனி என்ன செஞ்சாரு தெரியுமா? என் பக்கமா வந்து குனிஞ்சு, "அண்ணாச்சி, லேசா முடுக்குங்க"ன்னாரு. சின்ன முள்ளைப் பாத்தாரு. பெரிய முள்ளைப் பாத்தாரு. ரெண்டும் ஒண்ணு போல நிக்கிது. அப்புறம் என்னைப் பாத்தாரு. நான் உப்பளத்தைப் பாத்தேன். "அக்கா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"னு சொல்லிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இதான் எனக்குத் தாங்கல. ஆம்பளைதானே, தொழில் தெரிஞ்ச ஆளுதானே, அந்த இடத்துல வாயைத் திறந்திருக்கலாம்ல? அவரு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் பொம்பளை, எனக்கு என்ன தெரியும்?

ஆகஸ்டு கடைசியில இன்ஜினை இறக்கிட்டாக. ஷெட்டுல தூசின்னு எல்லாத்தையும் ஹாலுக்குக் கொண்டு வந்தாச்சு. நான் படுக்கிற தரை பூராவும் பழைய போர்வை, அது மேல போல்ட்டு, நட்டு, பேரிங், கம்பி. தாண்டித் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகணும். ஒவ்வொண்ணாத் துடைச்சு, கண்ணாடி போட்டு, அளந்து பாத்தாக. ஒரு கீறல் இல்ல. "புதுசு மாதிரி இருக்கே ஜெசி, புதுசு மாதிரி இருக்கே"ன்னு திருப்பித் திருப்பிச் சொன்னாக. ராத்திரிச் சாப்பாடு இறங்கல அவுகளுக்கு. கடைசியில பம்ப்பைப் பிரிக்கும்போது அது கை நழுவிக் கீழ விழுந்து அதோட பல்லு போச்சு. அதை எடுக்கக் குனிஞ்சதுல முதுகும் போச்சு.

போன புதன்கிழமை அவுகளுக்கு முதுகுல தைலம் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். குப்புறப் படுத்திருக்காக, மூஞ்சி தெரியாது. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. சொல்லிட்டேன்.

"என்னங்க, முள்ளு இறங்கவே இல்ல."

"என்னது?"

"முள்ளு. ஒரு தடவைகூட இறங்கல. அம்பதுலதான் இருந்துச்சு. நான்தான் இருபதுன்னு சொன்னேன்."

அப்புறம், "எதுக்கு?"ன்னாக.

"ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல இருக்கணும். ஒத்தையில. எனக்கு அது வேணும்."

அவுக முதுகு குலுங்குச்சு. அழறாகன்னு நினைச்சுக் கையை எடுத்துட்டேன். சிரிக்காக! தலையைத் திருப்பி என்னைப் பாக்காக, கண்ணுல தண்ணி. "முப்பத்தோரு வருசம் ஒத்தையில கெடந்தவளுக்கு மறுபடியும் ஒத்தையில இருக்கணும்னு ஆசை வருமா ஜெசி? யாராவது நம்புவாகளா? நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கெடந்தாளேன்னுதானே நான் அந்த வண்டியையே வாங்கினேன்?" அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. "முதுகு வலியோட நான் குனியக் கூடாதுன்னு எனக்காகப் பொய் சொல்லிப் பாக்குற. உனக்கு அது வராது. தேய்."

தேய்ச்சேன்.

விடல நான். வெள்ளிக்கிழமை சண்முகக்கனி பட்டறைக்கே போனேன். "தம்பி, நீங்க பாத்தீங்கள்ல, ரெண்டு முள்ளும் அம்பதுல நின்னதை, அதை வந்து சொல்லுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். மனுசன் தயங்கித் தயங்கி வந்தாரு. கட்டில் பக்கத்துல உக்காந்து, "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க, அக்கா அன்னைக்குச் சொன்னது..."ன்னு ஆரம்பிச்சாரு. முழுசா முடிக்கல. முதுகு வலியில படுத்திருந்த மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாக. "என் வீட்டுக்குள்ள வந்து என் பொண்டாட்டியைப் பொய்க்காரிங்கிறியா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காத." முப்பது வருசச் சிநேகிதம். அவரு செருப்பை மாட்டும்போது என்னைப் பாத்தாரு. நான் என்ன பண்ண? அடுப்புல பாலு வச்சிருந்தேன், உள்ள போயிட்டேன்.

அதுல ஒரு நல்லது, எந்திரிச்சு நின்னதுல முதுகு கொஞ்சம் தேவலை.

இந்தப் பம்ப்பை மாட்டி, இன்ஜினைச் சேத்து, ஏத்தி முடிக்க ஒரு மாசம் ஆகுமாம். அப்புறம் ஓட்டிப் பாக்கணுமாம். "கிறிஸ்மஸுக்கு முந்தி கொச்சி"ன்னு இன்னைக்குக் காலையிலயும் சொன்னாக. அப்ப நான் அம்பதுன்னு சொல்லணும். சொன்னா பத்து நாள். இருபதுன்னா மறுபடியும் முதல்ல இருந்து. நாப்பதுன்னு சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நாப்பதுக்கு அவுக என்ன செய்வாகன்னு எனக்குத் தெரியல.

புதுக்கோட்டை தாண்டியாச்சா? இன்னும் கால் மணி நேரம்தான். பஸ் ஸ்டாண்டுல அவுக நிப்பாக, இந்தப் பையை நான் தூக்கக் கூடாதுன்னு. வெள்ளைச் சட்டை, உயரமா இருப்பாக, பாத்ததும் தெரியும். ஏம்மா, எனக்கு ஒரு யோசனை. நீ யாரோ, எவரோ. நீ எறங்கினதும் அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன். "அங்கிள், உங்க இன்ஜினு நல்லாத்தான் இருந்துச்சாம், ஆன்ட்டி பஸ்ஸுல சொன்னாங்க"ன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்லு, போதும்.

வேண்டாம். வேண்டாம்மா. நீ பேசாம எறங்கி உன் வழியில போயிரு. என் பொண்டாட்டியைப் பொய்க்காரின்னு சொல்ல நீ யாருன்னு உன்கிட்டயும் சண்டைக்கு வந்துருவாக.